துணைக்கால்

உ

தென்காசி
12-5-1963

ஜனாப் முகம்மது கனி அவர்கள்,
தலைவர், சாரல் காலக் குழந்தைகள் பூங்காக் கமிட்டி,
வடகரை.

ஐயா,

ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இருந்தது போதும் என்று இன்று காலை சலூனில் முடிவு செய்தேன்.

பக்கத்து நாற்காலியில் சவரம் செய்துகொண்டிருந்தவர் குற்றாலம் பஸ் கண்டக்டர் பேச்சிமுத்து. பாதி முகத்தில் சோப்போடு என் பக்கம் திரும்பி, "சார், உங்க பார்க்குல இனிமே பிள்ளைக வெளையாடாது, காருதான் வெளையாடும்" என்றார். சலூனே சிரித்தது. சிரிக்காதவன் நான் ஒருவன். ஐந்தருவிக்குப் போகும் வழியில் உள்ள நம் பூங்காவை, இந்தச் சாரலுக்குள் கார் நிறுத்தும் இடமாக்கப் போகிறார்கள் என்றும், கமிட்டியில் அதற்குப் பேச்சு முடிந்துவிட்டது என்றும் அவர் சொன்னார். கமிட்டிக்குத் தலைவர் நீங்கள். ஆகவே பேச்சை முடித்தவரும் நீங்கள்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன். குற்றாலத்துக்கு வரும் பெரியவர்களுக்கு எல்லாம் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிட ஆள் இருக்கிறது, அருவி இருக்கிறது, குளித்து வந்ததும் பசிக்கு மிளகாய் பஜ்ஜி இருக்கிறது. குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது? தண்ணீருக்குள் போகாதே. பாறையில் ஏறாதே. குரங்கிடம் பழத்தைக் காட்டாதே. அம்மா துணி பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளை விட்டு அசையாதே. நாள் முழுக்க 'போகாதே' கேட்ட பிள்ளைக்கு 'போ, விளையாடு' என்று சொல்ல அந்த மலையடியில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, ஓர் ஏற்ற இறக்கப் பலகை, கொஞ்சம் மணல். அதன் மேல்தான் காரை ஏற்றப் போகிறீர்கள்.

அந்த இடத்தில் முதலில் ஊஞ்சல் கட்டியது யார் என்று கமிட்டியில் மற்றவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நாங்கள் தென்காசியிலிருந்து கட்டை வண்டியில் கட்டுச்சோற்றோடு சாரல் பார்க்க வருவோம். உங்கள் தகப்பனார் வடகரையிலிருந்து துண்டு மூட்டையோடு வந்து அருவிக்குப் போகும் வழியில் கடை விரிப்பார். இரண்டு வீட்டுக்கும் சுமையான இரண்டு பையன்கள், எங்கள் வண்டிக்கயிற்றை அவிழ்த்து மருத மரத்துக் கிளையில் கட்டினோம். விற்க முடியாத ஒரு கிழிசல் துண்டை மடித்து இருக்கையாகப் போட்டோம். நான் உட்கார, தள்ளியது யார் என்று எழுத வேண்டியதில்லை. எனக்குப் பயம். கண்ணை மூடிக்கொள்வேன். "கீழ பாக்காத லே, மலையப் பாரு லே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். கண்ணைத் திறந்தால் மலை முழுக்க மேகம் இறங்கி, என் முழங்காலில் வந்து இடிப்பதுபோல இருக்கும். இந்த வயது வரைக்கும் அதற்கு மேல் ஓர் உயரத்துக்கு நான் போனதில்லை.

சாயங்காலம் வண்டி கட்டக் கயிறு வேண்டும் என்று என் தகப்பனார் அதை அவிழ்த்துக்கொண்டு போவார். ஒரு தடவை அவிழ்க்கும்போது நீங்கள் அழுதீர்கள். பெரியவனானதும் எவனும் அவிழ்க்க முடியாத இரும்புச் சங்கிலியில் இங்கேயே ஊஞ்சல் போடணும் என்றீர்கள். போட்டீர்கள். இப்போது நீங்களே அவிழ்க்கப் போகிறீர்கள்.

இதை நிறுத்த வேண்டியது தங்கள் கடமை.

இப்படிக்கு,
பா. பால்வண்ணநாதன், பி.ஏ., எல்.டி.
உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்

பி.கு.: என் பெயரில் 'பா'வுக்குத் துணைக்கால் உண்டு. பூங்காக் கல்வெட்டில் அது இல்லாததால் நினைவூட்டுகிறேன்.

*

786

வடகரை
19-5-1963

அண்ணாச்சி அவர்களுக்கு,

முகம்மது கனி சலாம். சொல்லுதது நான், எழுதுதது என் மக ஜன்னத். கண்ணுல புரை விழுந்து பாளையங்கோட்டையில ஆப்பரேசன் ஆகியிருக்கு. கருப்புக் கண்ணாடி மாட்டிட்டு வீட்டுக்குள்ளயே கெடக்கேன். எழுதவும் கூடாது, வாசிக்கவும் கூடாதுன்னுட்டாரு டாக்டர். உங்க கடுதாசியையும் இவதான் வாசிச்சுச் சொன்னா. கண்டக்டர் சொன்ன எடம் வந்ததும் சிரிச்சுட்டா, கோவிச்சுக்கிடாதீங்க.

ஏழு வருசம் கழிச்சு ஒரு கடுதாசி வந்திருக்கு. பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல வந்து நேர்லயே வையலாம். தபால்ல வையுதீங்க. சரி, அதுவாவது வந்துச்சே.

விசயத்துக்கு வாரேன். பேச்சு முடியல. கமிட்டியில இப்ப நாலு பேரு. லாட்ஜ்காரரும் சோடாக் கம்பெனிக்காரரும் கார் நிக்கட்டும்னு சொல்லுதாங்க. அவங்க சொல்லுததுலயும் ஞாயம் இல்லாம இல்ல. போன சாரல்ல மதுரைக்காரங்க காரு ரோட்டுலயே நின்னு, பஸ்ஸு போக வழியில்லாம ஒரே சண்டை. நான் வேண்டாம்னு சொல்லுதேன். நாலாவது ஆளு நீங்க. உங்க பேர இன்னும் நான் அடிக்கல. ஒவ்வொரு கூட்டத்துக்கும் உங்க நாற்காலியப் போடச் சொல்லுதேன். அதுல லாட்ஜ்காரரு குடைய வைக்காரு.

ஜூன் பதினாறு, ஞாயித்துக்கெழம, கூட்டம். நீங்க வந்து கை தூக்கினா ரெண்டுக்கு ரெண்டு. சரிசமமா வந்தா தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு, அத நான் போட்டுக்கிடுவேன். நீங்க வந்தா ஊஞ்சல் நிக்கும், வராட்டி காரு நிக்கும். அவ்வளவுதான் கணக்கு.

இந்த ஏழு வருசத்துல அங்கன நடந்தது ஒண்ணும் உங்களுக்குத் தெரியாது. மொத சாரல்லயே கோவில்பட்டியிலேருந்து ஒரு குடும்பம் வந்துச்சு. அருவிக்குப் போகுததுக்கு முன்னால பிள்ளைகளுக்கு உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் எண்ணெயத் தேச்சு, ஊறட்டும்னு பார்க்குல விட்டுட்டாங்க. ஒரு தடிப் பய சறுக்குல ஏறினான். ஏறினதுதான் தெரியும். நம்ம போட்ட மணலத் தாண்டி, வேலியத் தாண்டி, வெளியில மங்குஸ்தான் வித்துட்டு இருந்த அம்மா கூடையில போயி உக்காந்துட்டான். அந்த அம்மா அவன எறக்கி விட்டுட்டு, "இது எந்த மரத்துப் பழம்?"ங்கா.

(மாமா, இந்த இடத்தில் வாப்பா சிரித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைத்து நிறுத்திக்கொண்டார்கள். — ஜன்னத்)

அதுக்கப்புறம் மணல நீட்டிப் போட்டேன். ஒரு போர்டும் எழுதி வச்சேன். உங்ககிட்ட கேட்டு எழுத வழியில்ல, நானே எழுதினேன். அதுல ரெண்டு தப்பு இருக்காம். உங்க பள்ளிக்கூடத்துப் பயலுக வந்து வாசிச்சிட்டுச் சிரிக்கானுவ.

வாங்க அண்ணாச்சி.

முகம்மது கனி

*

உ

தென்காசி
26-5-1963

ஐயா,

தங்கள் கண்ணுக்கு நேர்ந்ததை இப்போதுதான் அறிந்தேன். சீக்கிரம் குணமாக வேண்டும்.

கூட்டத்துக்கு வர மாட்டேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஏழு வருஷமாகக் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். இதற்கு மேல் உள்ளதை ஜன்னத்தை வாசிக்கச் சொல்ல வேண்டாம்.

பூங்கா திறந்த அன்று தூறல். வாசலில் வாழைமரமும் தோரணமும் கட்டி, வெள்ளைச் சட்டையில் நீங்கள் நின்றீர்கள். பக்கத்தில் திறந்து வைக்க வந்த அதிகாரி. நான் என் மகள் சொக்கம்மாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒன்பது வயசு, புதுப் பாவாடை. வழியெல்லாம் அவளிடம் உங்களைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். வண்டிக்கயிறு, கிழிசல் துண்டு, எல்லாம். "அந்த மாமா உங்கள எப்படிக் கூப்பிடுவாங்கப்பா?" என்று கேட்டாள். "நீயே கேட்பாய் பார்" என்றேன்.

கேட்டாள். "வாங்க அண்ணாச்சி, வாங்க. இங்கன முன் வரிசையில உக்காருங்க" என்றீர்கள்.

என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் பெயர் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் சார். கடைவீதியில் அண்ணாச்சி. 'லே' என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள் மிச்சம் இருந்தார். இலக்கணத்தில் ஓரெழுத்து ஒருமொழி என்று பையன்களுக்கு நடத்துகிறேன். எனக்கு இருந்தது அந்த ஓர் எழுத்துத்தான். அதிகாரி பக்கத்தில் நின்றதும் அதை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, மளிகைக் கடையில் எவரையும் கூப்பிடுகிற சொல்லை என் கையில் கொடுத்தீர்கள். நாற்காலி முன் வரிசையில்தான் இருந்தது. ஆனால் அது விருந்தாளியின் நாற்காலி.

பிறகு பேசினீர்கள். கமிட்டி, நன்கொடை, அரசாங்கம் எல்லாம் வந்தது. வண்டிக்கயிறு வரவில்லை.

பிறகு திரையை விலக்கினார்கள். கல்லில் கடைசி வரியில் என் பெயர். 'பல்வண்ணநாதன்'. துணைக்காலைக் கொத்தர் விட்டுவிட்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் எனக்குப் 'பல்லு சார்' என்று பெயர். என்னை விட இளையவரைத் தலைமையாசிரியராகப் போட்டபோது கூட, வராந்தாவில் எவனோ, "பல்லு போச்சா?" என்று கேட்டான். அதுவும் என் கணக்கில்தான் இருக்கிறது.

இளநீர் கொடுப்பதற்கு முன்னால் சொக்கம்மாளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் ஊஞ்சலில் ஒரு தடவையாவது ஆட வேண்டும் என்று பஸ் வரும் வரைக்கும் அழுதாள். இப்போது பதினாறு வயசு. ஊஞ்சல் கேட்கிற வயசு போய்விட்டது.

நீங்கள் எனக்குப் போடச் சொல்லும் நாற்காலியில் லாட்ஜ்காரரின் குடையே இருக்கட்டும்.

பா. பால்வண்ணநாதன்

*

786

வடகரை
31-5-1963

அண்ணாச்சி அவர்களுக்கு,

சலாம். கடுதாசி கெடச்சுது.

உங்களுக்குப் பதில் சொல்ல எங்கிட்ட ஒரு வார்த்தைதான் இருக்கு. அத இப்பச் சொல்ல முடியல. இந்தக் கடுதாசிய எழுதுதது யாருன்னு பாத்துக்கிடுங்க. அன்னைக்கு உங்க கையப் புடிச்சிட்டு நின்னது யாருன்னும் நெனச்சுப் பாருங்க. இதுக்கு மேல சொல்ல வழியில்ல.

சொக்கம்மா அழுதது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பஸ்ஸ மறிச்சிருப்பேன்.

கல்லு விசயத்துல நீங்க சொல்லுதது சரிதான். கொத்தனாரு கடைசி வரியில எடம் பத்தலன்னுட்டாரு.

முகம்மது கனி

(மாமா, நான் ஜன்னத். போன கடிதத்தை வாசிக்கும்போது 'ஜன்னத்தை வாசிக்கச் சொல்ல வேண்டாம்' என்ற வரி வந்ததும் வாப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். கருப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முற்றத்து வெயிலில் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்கள். உம்மா சத்தம் போட்டும் கேட்கவில்லை. சாயங்காலம் கண் சிவந்துவிட்டது. நீங்கள் அடுத்த தடவை கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினால் நல்லது.)

*

(தபால் கார்டு. ஒவ்வோர் எழுத்தும் விரல் அகலம். வரிகள் சாய்ந்து கார்டின் ஓரத்தில் விழுகின்றன.)

3-6-63

ஏலே

ஜன்னத் பள்ளிக்கூடம் போயிருக்கா. அதான் நானே எழுதுதேன்.

ஒருத்தன அவன் பிள்ள முன்னால லே போடக் கூடாதுன்னு எங்க உம்மா சொல்லியிருக்கா. போட்டா அந்தப் பிள்ள மனசுல தகப்பன் ஒரு படி எறங்கிருவான்னு சொல்லுவா. உனக்கு அது தெரியாதா லே. பி.ஏ.வுல சொல்லித் தரலயா.

பதினாறாந் தேதி கூட்டத்துக்கு வா.

கனி

*

உ

தென்காசி
9-6-1963

ஐயா,

கார்டு கிடைத்தது. தபால்காரர் அதை வாசித்துவிட்டுத்தான் கொடுத்தார். கொடுக்கும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நீங்கள் சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டதாக நினைக்க வேண்டாம். அதிகாரி அந்தப் பக்கம் திரும்பின பிறகு சொல்லியிருக்கலாம். இளநீர் கொடுக்கிற சாக்கில் வந்து காதில் சொல்லியிருக்கலாம். அதற்குள் நான் போய்விட்டேன் என்பீர்கள். அது வேறு விஷயம்.

எதற்கு ஓட்டுப் போடப் போகிறோம் என்று பார்க்காமல் போடக் கூடாது என்பதற்காக, வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்தருவி பஸ் ஏறினேன். சாரல் தொடங்கிவிட்டது. இடியும் மின்னலும் இல்லாமல், மாவு சலிப்பதுபோல விழும் அந்தத் தூறல். பஸ் ஜன்னலில் கையை நீட்டினேன். சின்ன வயசில் வண்டிக்கூண்டுக்கு வெளியே நீட்டினபோது எப்படி இருந்ததோ, அப்படியேதான் இருந்தது. கைதான் வேறாக இருந்தது.

பூங்காவில் நல்ல கூட்டம். பெண்கள் ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு மணலோரம் உட்கார்ந்திருந்தார்கள். விருதுநகர்ப் பக்கத்து ஆச்சி ஒருத்தி பேரனுக்கு இட்லியை ஊட்டுவதும், அவன் ஒரு வாய் வாங்கிக்கொண்டு சறுக்கில் ஏறுவதும், இறங்கி வந்து அடுத்த வாய் வாங்குவதுமாக இருந்தார்கள். அவன் இறங்கின பிறகு ஒரு குரங்கு ஏறிச் சறுக்கியது. ஆச்சி அதற்கும் ஒரு துண்டு இட்லி வைத்தாள். உங்கள் போர்டையும் வாசித்தேன். 'எண்ணையோடு சருக்காதே'. இரண்டு தப்புத்தான். நான் மூன்று எதிர்பார்த்தேன்.

ஓர் ஊஞ்சல் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். சங்கிலி ஈரமாக, கனமாக இருந்தது. இதை எவனும் அவிழ்க்க முடியாதுதான். கால் தரையில் இடித்தது. மலையைப் பார்த்தேன். மேகம் இறங்கித்தான் இருந்தது. ஆனால் அது இருந்த இடத்திலேயே இருந்தது. தானாக உந்தி ஆடினால் மலை கிட்டே வருவதில்லை. யாராவது தள்ள வேண்டியிருக்கிறது.

காவல்காரர் வந்தார். பெயர் நல்லகண்ணு என்று பிறகு தெரிந்தது.

"பெரியவரே, போர்டு வாசிக்கத் தெரியாதா?" என்றார். "'பெரியவர்கள் ஊஞ்சலில் அமரலாகாது'ன்னு போட்டிருக்குல்லா?"

பூங்கா திறப்பதற்கு முன்னால் நான் எழுதிக் கொடுத்த வாசகம். எழுந்துவிட்டேன்.

"அமரலாகாதுன்னா உக்காரக் கூடாதுன்னு அர்த்தம். நானே ஒரு வாத்தியார்ட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எவன் எழுதினானோ, நேரா எழுதித் தொலைச்சிருக்கலாம்" என்றார்.

அவரோடு பேசிக்கொண்டே கல்வெட்டுப் பக்கம் வந்தேன். கடைசி வரியைக் காட்டி, "இது யார்?" என்று கேட்டேன்.

"அதுவா, தலைவரோட சேக்காளி. பாவம், ஒரு கால் இல்லாதவரு."

"யார் சொன்னது?"

"தலைவரேதான். வருசா வருசம் சாரலுக்கு முன்னால பெயிண்டு டப்பாவும் ஈர்க்குச்சியுமா வந்து, இந்த எடத்துல குத்துக்கால் போட்டு உக்காந்து, இந்தப் பேருல மட்டும் கருப்பா ஒரு கோடு இழுப்பாரு. எதுக்கு மொதலாளின்னு கேட்டா, 'என் சேக்காளிக்கு ஒரு கால் இல்ல லே, அதப் போடுதேன்'ம்பாரு. ஆடி முடியறதுக்குள்ள சாரல் அதக் கழுவிட்டுப் போயிரும். அடுத்த வருசம் திரும்ப வந்து போடுவாரு. இந்த வருசம் கண்ணு சரியில்ல, அதான் வரல." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சர்க்கரை வியாதியில எடுத்திருப்பாங்க போல. எந்தக் காலுன்னு தெரியல" என்றார்.

நான் குனிந்து என் இரண்டு காலையும் பார்த்துக்கொண்டேன்.

பதினாறாம் தேதி கூட்டத்துக்கு வருகிறேன். பூங்காவுக்காக வருகிறேன். வேறு எதற்கும் இல்லை. குடையை எடுக்கச் சொல்லிவையுங்கள்.

பா. பால்வண்ணநாதன்

இந்தத் தடவை பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

*

தென்காசி
23-6-1963

ஏலே கனி,

கூட்டம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நீ ஒன்றும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இப்படியே விட்டால் இன்னொரு ஏழு வருஷம் போகும். உனக்கும் எனக்கும் அந்த வசதி இனிமேல் இல்லை.

அன்று வாசலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். உன்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை அதுதான் என்று. நீ கருப்புக் கண்ணாடியோடு படியில் நின்றாய். கிட்டே வந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜன்னத் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு உன் மூக்கு. "வாருங்கள், தலைவரே" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு, "வாங்க அண்ணாச்சி" என்றாய். கண்ணாடிக்குக் கீழே உன் வாய் ஒரு பக்கமாகக் கோணியதை நான் பார்த்தேன். உன் உம்மா சொன்னது அந்தப் படியில்தான் எனக்கு விளங்கியது. நீ கார்டில் எழுதினபோதுகூட முழுக்க விளங்கவில்லை.

அதற்காக நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. அந்தப் பழக்கம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் உள்ளே நீ செய்ததை மறக்க மாட்டேன். லாட்ஜ்காரர், "காரு வந்தாத்தான கூட்டம் வரும், கூட்டம் வந்தாத்தான பிள்ளைக வரும்" என்று அரைமணி நேரம் பேசி முடித்தார். பூங்கா இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்று நீ சொன்னதும் நான் தூக்கினேன். நீ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாய். என் கை மேலேயே நின்றது. பிறகு, "அண்ணாச்சி கை தூக்கியிருக்காங்களா? எனக்குக் கண்ணு தெரியல, யாராவது சொல்லுங்க" என்றாய். சோடாக் கம்பெனிக்காரர், "தூக்கித்தான் இருக்காரு" என்றார். "நல்லா ஒசத்தியா தூக்கியிருக்காங்களா?" என்றாய். பாவி. நான் கை தூக்கி நின்றதைப் பார்த்து ஜன்னத் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகுதான் உன் இரண்டாவது ஓட்டைப் போட்டாய். கார் எல்லாம் சந்தைத் திடலில் நிற்கட்டும் என்று நான் சொன்னதற்கு லாட்ஜ்காரரே சரி என்றுவிட்டார். போகும்போது என் நாற்காலியில் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார். அதை நான் கொண்டுவந்துவிட்டேன். திருப்பிக் கொடுப்பதாக இல்லை.

நேற்றுப் பூங்காவுக்குப் போனேன். சொக்கம்மாளும் வந்தாள். பதினாறு வயசுக்காரி ஊஞ்சலில் உட்கார்ந்தால் நல்லகண்ணு சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது பெரியவங்கள்ல சேருமா?" என்று என்னையே கேட்டார். சேராது என்று தீர்ப்புச் சொன்னேன். அவளைத் தள்ளிவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கீழே பார்க்காதே, மலையைப் பார்" என்றேன். 'லே' மட்டும் சேர்க்கவில்லை. பெண்பிள்ளைக்கு 'ஏட்டி' என்றுதான் சொல்ல வேண்டும். இலக்கணம்.

அப்புறம் கல்வெட்டைப் பார்த்தேன்.

யாரிடமும் சொல்லாமல் வந்து போட்டிருக்கிறாய். கண் தெரியாமல் போட்டிருக்கிறாய். கால் 'ப'வுக்குப் பக்கத்தில் விழவில்லை. 'ண'வுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. கருப்பாக, தடியாக, ஒரு கோடு. நான் இப்போது 'பல்வண்ணாநாதன்'. இருபது வருஷம் பிழை திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான். சிவப்பு மை இல்லாமல் வெளியே கிளம்பாதவன். "இது தப்பான எடத்துல இருக்குல்லா சார், மண்ணெண்ணெய வச்சு அழிச்சிரட்டா?" என்று நல்லகண்ணு கேட்டார். தொடாதே என்றேன். அழிப்பதாக இருந்தால் சாரல் அழிக்கட்டும். அடுத்த வருஷம் நான் டப்பாவைப் பிடித்துக்கொள்கிறேன். நீ கோடு போடு. எந்த எழுத்து என்று மட்டும் கையைப் பிடித்துக் காட்டுகிறேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசி ஐந்தருவி பஸ்ஸுக்கு முன் பஸ்ஸில் வருவேன். கூட்டம் கலைந்திருக்கும். நல்லகண்ணுவை டீ குடிக்க அனுப்பிவிடலாம். இரண்டு ஊஞ்சல் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டால் தள்ளுவதற்கு ஆள் இல்லை. முதலில் நீ உட்கார். நான் தள்ளுகிறேன். முன்னாளில் எப்போதும் நான்தான் உட்கார்ந்தேன். உனக்கு மலை எப்படித் தெரியும் என்று நான் கேட்டதே இல்லை. கண் சரியாகத் தெரியாவிட்டாலும் அது கிட்டே வரும்போது தெரியும்.

கண்ணாடியைக் கழற்றாதே. இந்தக் கடிதத்தை நீ வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டாம். ஜன்னத்தே வாசிக்கட்டும். அதனால்தான் இதன் அடியில் என் பெயர் வரப்போவதில்லை. தன் வாப்பாவை 'ஏலே' என்று எழுதினவன் யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியக் கூடாது. எழுத்தை வைத்துக் கண்டுபிடித்தாள் என்றால் அது அவள் சாமர்த்தியம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போடுவதாக இருந்தாலும் எந்தப் பெயரைப் போடுவது? என் தகப்பனார் வைத்தது ஒன்று, கொத்தர் வெட்டியது ஒன்று, நீ போட்டது ஒன்று. அந்த இடத்தைச் சும்மா விட்டு, ஒட்டி, இப்படியே கொண்டுபோய்ப் பெட்டியில் போடுகிறேன்.